எல்லாப் பிள்ளையும் செய்வதற்குப் பெருமைப்படலாமா?

ஜூன் 9

போன வாரம் ஒருவர் கேட்டிருந்தார்: "ஒன்றாம் வகுப்புப் பிள்ளை நாலு எழுத்தைக் கூட்டிப் படித்ததற்கெல்லாம் பெற்றவர்கள் இப்படிப் பூரித்துப் போகிறீர்களே, எல்லாப் பிள்ளையும் ஒருநாள் படிக்கத்தானே போகிறது? இதில் பெருமைப்பட என்ன இருக்கிறது?"

கேட்டவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் பதில் சொல்லாமல் விடவும் மனம் வரவில்லை. எனக்கு இரண்டு பிள்ளைகள். பெரியவள் நாலாம் வகுப்பு, சின்னவன் ஒன்றாம் வகுப்பு. இரண்டு பேரும் கோப்பையோடு வீட்டுக்கு வருகிற ரகம் இல்லை. ஆனாலும் அவர்களை நினைத்து நான் நிறையவே பெருமைப்படுகிறேன். ஏன் என்று சொல்கிறேன்.

பேச்சு தானாக வரும். சுற்றிலும் பேசுகிறவர்கள் இருந்தால் போதும், பிள்ளை பேசிவிடும். படிப்பு அப்படி வராது. மனிதன் எழுத ஆரம்பித்தே 5,000 ஆண்டுகளுக்குச் சற்று மேல்தான் ஆகிறது. மூளையில் படிப்புக்கென்று பிறவியிலேயே ஒதுக்கிய இடம் எதுவும் இல்லை. முகத்தையும் பொருளையும் அடையாளம் காண்பதற்காக இருக்கிற பகுதியை மூளை எழுத்துக்காகப் பழக்கிக்கொள்கிறது. இந்த வேலையை ஆறு வயதுப் பிள்ளை, பல்லும் விழுந்து ஷூ லேஸும் கட்டத் தெரியாத வயதில், செய்து முடிக்கிறது.

அதிலும் தமிழ் எழுத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சின்னவன் "கொக்கு" என்ற சொல்லுக்கு முன்னால் உட்கார்ந்திருந்ததைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். கண்ணில் முதலில் படுவது ஒற்றைக் கொம்பு. அதற்குத் தனியாக ஒலி கிடையாது. அதை மனதில் பிடித்து வைத்துக்கொண்டு க-வுக்குப் போக வேண்டும். க-வோடு நின்றால் "கெ" ஆகிவிடும். பின்னால் துணைக்கால் இருக்கிறதா என்று எட்டிப் பார்க்க வேண்டும். முன்னால் ஒன்று, நடுவில் ஒன்று, பின்னால் ஒன்று, மூன்றும் சேர்ந்தால்தான் ஒரு ஒலி. அடுத்து ஒரு க். அதே க "பகல்" என்ற சொல்லில் வேறு மாதிரி ஒலிக்கும், "தங்கம்" என்ற சொல்லில் இன்னொரு மாதிரி ஒலிக்கும். இதற்கெல்லாம் யாரும் அவனுக்கு விதி சொல்லித் தரவில்லை.

"கெ... க்... கொக்கு!" என்று கத்தினான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. உலகத்தில் எத்தனை கோடிப் பிள்ளைகள் செய்திருந்தாலும் அது பெரிய காரியம்தான்.

ஜூன் 9, இரவு

ஒன்று விட்டுப்போயிற்று. புள்ளி. சின்னவன் முதலில் புள்ளி இல்லாமல் வரி முழுவதையும் எழுதிவிடுவான். அப்புறம் திரும்பி வந்து விதை தூவுகிற மாதிரி மேலே புள்ளிகளை வைத்துக்கொண்டே போவான். சில எழுத்துக்குக் கிடைக்கும், சிலதுக்குக் கிடைக்காது. "அம்மாவுக்கு எத்தனை புள்ளி?" என்று அவன் கேட்டதற்கு "ஒன்றுதான்" என்றேன். "பாவம், இன்னொன்னு வச்சுக்கோ" என்று மா-வின் மேலும் ஒன்று வைத்தான். அந்தத் தாளை பீரோவில் வைத்திருக்கிறேன்.

ஜூன் 11

எழுத்தைத் திருப்பிப் போடுவது பற்றிக் கேட்டவருக்கு.

3, 7 எல்லாம் கண்ணாடியில் பார்க்கிற மாதிரி எழுதுகிறானா? ஐந்து, ஆறு வயதில் அது சாதாரணம். ஒரு நாற்காலி இந்தப் பக்கம் திரும்பியிருந்தாலும் அந்தப் பக்கம் திரும்பியிருந்தாலும் அது நாற்காலிதான் என்று பிள்ளையின் மூளை பிறந்ததிலிருந்து படித்து வைத்திருக்கிறது. எழுத்து வந்ததும் அந்த விதி செல்லாது, எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதே முக்கியம் என்கிறோம். இவ்வளவு நாள் சரியாக இருந்த ஒன்றை மறக்கச் சொல்கிறோம், அதற்குக் கொஞ்சம் அவகாசம் வேண்டும். இதை மட்டும் வைத்துக்கொண்டு கற்றல் குறைபாடு என்று யாரும் முடிவு கட்டுவதில்லை. எட்டு வயதைத் தாண்டியும் நீடித்து, கூடவே படிப்பதும் திணறலாக இருந்தால் ஆசிரியரிடம் பேசிப் பாருங்கள்.

எழுத்துப் பிழையும் அப்படித்தான். 1971-இல் சார்ல்ஸ் ரீட் என்ற மொழியியலாளர், பள்ளிக்குப் போகுமுன் பிள்ளைகள் தாங்களாகக் கண்டுபிடித்து எழுதுகிற ஆங்கில எழுத்துக்கூட்டலை ஆராய்ந்து எழுதினார். ரயிலைக் குறிக்கிற 'ட்ரெயின்' என்ற சொல்லை அவர்கள் 'ச்ரெயின்' என்பது போல எழுதினார்கள். ஏனோதானோ என்று எழுதவில்லை. அந்த ஒலி காதில் உண்மையிலேயே 'ச்' பக்கம்தான் சாய்கிறது, பெரியவர்களாகிய நாம் எழுத்தைப் பார்த்துப் பார்த்து அதைக் கேட்பதை விட்டுவிட்டோம். சின்னவன் "பள்ளி"யை "பல்லி" என்று எழுதிக்கொண்டு வந்தபோது நான் முதலில் பார்த்தது, சொல்லின் நடுவில் ஒற்று இரட்டிக்கிறது என்று அவன் காதால் பிடித்திருந்ததைத்தான். ள-வை அப்புறம் திருத்தினோம்.

ஜூன் 14

தன் மகனுக்கு டிஸ்லெக்சியா (எழுத்தைப் படிப்பதில் வருகிற கற்றல் குறைபாடு) என்று எழுதிய தாய்க்கு. உங்கள் குறிப்பைப் படித்துவிட்டு ரொம்ப நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

"எல்லாப் பிள்ளையும் ஒருநாள் படிக்கத்தானே போகிறது" என்ற கேள்விக்கு நான் பதில் சொன்னேனே தவிர, அதில் இருக்கிற அனுமானத்தைத் தொடவில்லை. எல்லாப் பிள்ளைக்கும் அது ஒரே மாதிரி வருவதில்லை. கெட்டிக்காரப் பிள்ளைக்கும் எழுத்தையும் ஒலியையும் இணைப்பது மலையாக இருக்கலாம். சோம்பலும் காரணம் இல்லை, வளர்ப்பும் காரணம் இல்லை. அந்தப் பிள்ளைகள் ஒரு பக்கம் படிக்கச் செலவிடுகிற உழைப்பில் மற்றவர்கள் ஒரு புத்தகத்தைப் படித்துவிடுவார்கள். உங்கள் மகன் மூன்றாம் வகுப்பில் முழு வரி ஒன்றைத் தடுக்காமல் படித்ததை நீங்கள் எழுதியிருந்த விதத்தை நான் மறக்க மாட்டேன். நிறுத்தி நிறுத்திப் படித்தாலும் அவன் படிக்கத்தான் செய்கிறான்.

ஜூன் 18

கணக்குக்கு வருகிறேன். எனக்கு மிகப் பிடித்தது இதுதான்.

இரண்டும் ஒன்பதும் எத்தனை? முதலில் பிள்ளைகள் இரண்டு விரலை எண்ணுவார்கள், ஒன்பதை எண்ணுவார்கள், அப்புறம் மொத்தத்தையும் மறுபடி ஒன்றிலிருந்து எண்ணுவார்கள். கொஞ்ச நாளில் இரண்டிலேயே நின்று "மூணு, நாலு, அஞ்சு..." என்று மேலே போவார்கள். அப்புறம் ஒருநாள் ஒன்று நடக்கும். ஒன்பதிலிருந்து ஆரம்பிப்பார்கள். "ஒன்பது... பத்து, பதினொன்னு." முடிந்தது.

எந்த எண் முதலில் வந்தாலும் கூட்டுத்தொகை மாறாது என்ற உண்மையை அந்தப் பிள்ளை அந்த நிமிடம் பயன்படுத்திவிட்டது. யாரும் சொல்லித் தராமலே பிள்ளைகள் இதைக் கண்டுபிடிப்பதை 1977-இல் கை க்ரோன், லாரன் ரெஸ்னிக் என்ற இரண்டு ஆய்வாளர்கள் காட்டினார்கள். பள்ளிக்கு முந்தைய வயதுப் பிள்ளைகளுக்கு முழுவதையும் எண்ணுகிற வழியை மட்டும் சொல்லிக் கொடுத்துவிட்டு, கணக்குகளைக் கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். சில வாரங்களில் சில பிள்ளைகள் தாங்களாகவே பெரிய எண்ணிலிருந்து எண்ண ஆரம்பித்துவிட்டார்கள்.

பெரியவள் இதைச் செய்த நாள் எனக்கு நினைவில் இருக்கிறது. வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டே செய்தாள், அவளுக்கே தெரியவில்லை. "இப்ப என்ன பண்ணினே?" என்று கேட்டேன். "பெருசுல இருந்து எண்ணினா விரல் கம்மியா செலவாகும்மா" என்றாள். விரல் செலவாகுமாம்! வீட்டில் இன்றும் அந்த வார்த்தை ஓடிக்கொண்டிருக்கிறது.

விரல் விட்டு எண்ணுவதை மட்டும் தயவுசெய்து தடுக்காதீர்கள். இந்த வயதில் விரல்கள்தான் அவர்களுடைய தாளும் பென்சிலும்.

ஜூன் 19

"பெருமைப்படுவதற்குக் கணக்கும் எழுத்தும்தானா?"

இல்லவே இல்லை. இன்று சின்னவன் பள்ளியிலிருந்து வந்ததும் பையைக்கூடக் கழற்றாமல் சொன்னது: "இன்னைக்கு நான்தான் வருகைப் பதிவேட்டை ஆபீஸுக்குக் கொண்டு போனேன். தனியா. ஓடல. நடந்தேன்." அந்த நீண்ட வராந்தாவில் தனியாக, ஓடாமல் நடந்து போவது ஆறு வயதில் எவ்வளவு கஷ்டம் என்று யோசித்துப் பாருங்கள்.

ஜூன் 25

பலர் ஒரே நேரத்தில் "கெட்டிக்காரன் என்று புகழாதீர்கள்" என்று எழுதியிருக்கிறீர்கள். இதை நான் கொஞ்சம் விரிவாகவே யோசித்திருக்கிறேன்.

நீங்கள் மனதில் வைத்திருப்பது 1998-இல் க்ளாடியா முல்லரும் கேரல் ட்வெக்கும் வெளியிட்ட ஆய்வு. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நடுத்தரமான புதிர்களைக் கொடுத்தார்கள். முடித்ததும் சிலரிடம் "உனக்கு இதில் நல்ல மூளை" என்றும், சிலரிடம் "நன்றாக உழைத்திருக்கிறாய்" என்றும் சொன்னார்கள். அடுத்து கடினமான புதிர்கள், எல்லோரும் திணறினார்கள். மூன்றாவதாக மறுபடி நடுத்தரப் புதிர்கள். மூளையைப் புகழப்பட்டவர்கள் முன்பைவிட மோசமாகச் செய்தார்கள், உழைப்பைப் புகழப்பட்டவர்கள் முன்பைவிட நன்றாகச் செய்தார்கள். இன்னொன்றும் நடந்தது. தங்கள் மதிப்பெண்ணை வேறு பள்ளிப் பிள்ளைக்கு எழுதச் சொன்னபோது, மூளையைப் புகழப்பட்டவர்களில் ஏறக்குறைய பத்தில் நாலு பேர் உண்மையைவிடக் கூட்டி எழுதினார்கள். என்னை உறுத்துவது அதுதான்.

பிறகு மற்றவர்கள் செய்து பார்த்தபோது எல்லா இடத்திலும் அதே அளவு பலன் கிடைக்கவில்லை. அதனால் "உழைத்தாய் என்று மட்டும் சொல்" என்பதை மந்திரம் மாதிரி பிடித்துக்கொள்ள வேண்டாம் என்பது என் எண்ணம். சும்மா சும்மா "நல்லா உழைச்சே" என்பதையும் பிள்ளை இரண்டாம் நாளே கண்டுபிடித்துவிடும்.

நான் செய்வது வேறு. பார்த்ததைச் சொல்கிறேன். "அந்த வரியில தடுக்கினதும் மறுபடி முதல்ல இருந்து படிச்சே, நான் பார்த்தேன்." "படத்துல எல்லாருக்கும் நிழல் போட்டிருக்கியே, நாய்க்கும் போட்டிருக்கே." அவ்வளவுதான். அதில் புகழ்ச்சியே இல்லை. ஆனால் முகம் மலர்வதைப் பார்க்க வேண்டும்! பார்க்கப்பட்டோம் என்பது அவர்களுக்குப் போதும்.

ஜூன் 26

"அப்படியானால் ஆகா, ஓகோ என்று கொண்டாடவே கூடாதா?" கொண்டாடலாம். கொக்குக்கு நான் கத்திய கத்தல் பக்கத்து வீடு வரைக்கும் கேட்டிருக்கும். ஆனால் தன்மேல் நம்பிக்கை குறைவாக இருக்கிற பிள்ளையிடம் மிகையாகப் புகழும்போது கொஞ்சம் கவனம் வேண்டும். 2014-இல் வெளியான ஒரு நெதர்லாந்து ஆய்வில் பிள்ளைகள் ஓவியம் ஒன்றைப் பார்த்து வரைந்தார்கள். "நம்பவே முடியாத அளவு அழகு" என்று பாராட்டப்பட்டபோது, தன்னம்பிக்கை குறைந்த பிள்ளைகள் அடுத்த தடவை எளிய படங்களையே தேர்ந்தெடுத்தார்கள். அவ்வளவு உயரத்தில் தூக்கி வைத்துவிட்டால் அடுத்த அடி எடுத்து வைக்கப் பயமாகத்தானே இருக்கும்.

ஜூலை 3

ஸ்டார் ஒட்டுவது பற்றி.

"இன்னைக்கு எத்தனை ஸ்டார்?" என்று நான் கேட்பதில்லை. ஸ்டார் மேல் வெறுப்பு எதுவும் இல்லை. சின்னவன் நெற்றியில் ஒட்டிக்கொண்டு வருவான், தூங்கும்போதுகூட எடுக்க விடமாட்டான், பார்க்கவே அழகாக இருக்கும். ஆனால் 1973-இல் மார்க் லெப்பரும் அவருடைய சகாக்களும் செய்த ஆய்வு என் மனதில் இருக்கிறது. படம் வரைவதில் ஏற்கனவே ஆசை உள்ள மூன்று முதல் ஐந்து வயதுப் பிள்ளைகள். ஒரு பிரிவிடம் "வரைந்தால் சான்றிதழ் உண்டு" என்று முன்கூட்டியே சொன்னார்கள். இன்னொரு பிரிவுக்குச் சொல்லாமல், வரைந்து முடித்த பிறகு கொடுத்தார்கள். மூன்றாவது பிரிவுக்கு ஒன்றும் இல்லை. ஒன்றிரண்டு வாரம் கழித்து, யாரும் சொல்லாமல் விட்டபோது, முன்கூட்டி வாக்குக் கொடுக்கப்பட்டவர்கள் வரைவதில் செலவிட்ட நேரம் மற்றவர்களுடையதில் பாதி அளவுதான். எதிர்பாராமல் பெற்றவர்களுக்கு அந்தக் குறை வரவில்லை.

அதனால் என் கேள்வி, "இன்னைக்கு எது கஷ்டமா இருந்துச்சு?" சில நாள் "ஒன்னுமில்ல" என்று ஓடிவிடுவான். சில நாள் அரை மணி நேரம் பேசுவான்.

ஜூலை 15

இதை எழுதலாமா என்று யோசித்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

பெரியவள் கேட்டாள்: "தம்பி படிக்கிறதுக்கு நீ ரொம்ப சந்தோஷப்படறே. நான் ரொம்ப நாளா படிக்கிறேனே, அதுக்கு யாரும் ஒன்னும் சொல்றதில்லையே?"

அவள் அழவில்லை, சண்டையும் போடவில்லை. விசாரிக்கிற மாதிரிதான் கேட்டாள். ஒன்றாம் வகுப்பில் நடப்பதெல்லாம் கண்ணுக்குத் தெரியும், காதுக்குக் கேட்கும். நாலாம் வகுப்புக்கு வரும்போது பிள்ளைகளின் வளர்ச்சி உள்ளே போய்விடுகிறது. முன்பு உதடு அசைத்துப் படித்தாள், இப்போது அசைவதில்லை. சத்தம் உள்ளே போனதை நாம் கொண்டாட மறந்துவிடுகிறோம்.

அவளிடம் சொன்னேன்: "போன மாசம் ஒரு நாள் நீ ஜன்னல் ஓரமா உட்கார்ந்து படிச்சுட்டிருந்தப்போ தனியா சிரிச்சே. என்கிட்ட வந்து சொல்லக்கூட இல்ல, அடுத்த பக்கத்தைத் திருப்பிட்டே. அன்னைக்கு எனக்கு எவ்வளவு சந்தோஷமா இருந்துச்சு தெரியுமா?" தாளில் இருக்கிற கறுப்புக் கோடுகள் யாருடைய உதவியும் இல்லாமல் ஒரு பிள்ளையைச் சிரிக்க வைத்துவிட்டன. அதைவிடப் பெரிய மதிப்பெண் எனக்குத் தெரியாது.

"அதை ஏன் அன்னைக்கே சொல்லல?" என்றாள். "படிக்கிறப்போ தொந்தரவு பண்ணக்கூடாதுன்னுதான்." ஏற்றுக்கொண்டாள் என்று நினைக்கிறேன். அப்புறம் எந்தப் பக்கத்தில் சிரித்தாள் என்று தேடி எடுத்து எனக்குப் படித்துக் காட்டினாள். மறுபடி அதே இடத்தில் சிரித்தாள்.

ஜூலை 16

இரண்டு பிள்ளைகள் இருக்கிறவர்கள் நிறையப் பேர் தனியாக எழுதியிருக்கிறீர்கள். என் வழக்கம் ஒன்றுதான்: ஒருவரைப் பாராட்டும் வாக்கியத்தில் மற்றவர் பெயரைச் சேர்க்க மாட்டேன். "அக்கா மாதிரி" வேண்டாம், "தம்பியைவிட" வேண்டாம். என் வீட்டுக்காரரும் இதில் என் பக்கம்.

ஜூலை 22

பிள்ளை மேடையில் பாடியதைக் காணொளி எடுத்து எல்லோருக்கும் அனுப்பலாமா?

முதலில் பிள்ளையிடம் கேளுங்கள். ஐந்து வயதுக்கு மேல் பதில் சொல்லத் தெரியும். 1989-இல் ஐக்கிய நாடுகள் சபை ஏற்றுக்கொண்ட குழந்தைகள் உரிமை உடன்படிக்கையில் 12-ஆவது பிரிவு பிள்ளையின் கருத்துக்கு இடம் கொடுக்கச் சொல்கிறது, 16-ஆவது பிரிவு பிள்ளைக்கும் அந்தரங்கம் உண்டு என்கிறது. சட்டம் கிடக்கட்டும், பிள்ளையின் பக்கமிருந்து பாருங்கள். என் மகள் ஒரு தடவை "பாட்டிக்கு மட்டும்" என்றாள். பாட்டிக்கு மட்டும்தான் போயிற்று. நான் அனுமதி கேட்டதையும், கேட்டபடி நடந்ததையும் அவள் பிறகு தன் தோழியிடம் சொன்னாள். பாடியதைவிட அதைச் சொல்வதில் அவளுக்குச் சந்தோஷம் அதிகம்.

எல்லோரும் சிரிக்கிற மழலைப் பிழையையும், ஒரு பிள்ளை பயந்து அழுததையும் எக்காரணம் கொண்டும் வெளியே அனுப்பாதீர்கள். அது அவர்கள் சொத்து.

ஆகஸ்ட் 5

பேச்சு எங்கெங்கோ போகிறது, போகட்டும். பிள்ளைகளுக்குப் பல் விழுந்ததைப் பற்றி நீங்கள் எழுதிய கதைகள் எல்லாவற்றையும் படித்தேன். மொத்தம் 20 பால்பற்கள், ஆறு வயதை ஒட்டிக் கீழ் முன்பல்லில்தான் பெரும்பாலும் ஆரம்பிக்கும். சின்னவனுக்கும் அதுவே விழுந்தது, வகுப்பில், கையில் பிடித்துக்கொண்டே பாடம் கவனித்திருக்கிறான்.

தண்ணீர் கதையையும் சொல்லிவிடுகிறேன். குட்டையான டம்ளரிலிருந்து ஒல்லியான உயரமான டம்ளருக்குத் தண்ணீரை மாற்றினால், சின்னப் பிள்ளைகள் "இதுலதான் அதிகம்" என்பார்கள். ஏழு வயதை ஒட்டித்தான் அளவு மாறாது என்பது பிடிபடும் என்று குழந்தைகளின் சிந்தனையை ஆராய்ந்த உளவியலாளர் பியாஜே சொன்னார். போன வருடம் அக்காவும் தம்பியும் இதற்காகப் பெரிய வாக்குவாதமே செய்தார்கள், அவன் கடைசி வரை ஒத்துக்கொள்ளவில்லை. நேற்று வகுப்பில் ஆசிரியை அதையே செய்து காட்டியிருக்கிறார். வந்ததும் அக்காவிடம் போனான். "தண்ணி அதேதான். டம்ளர்தான் ஒல்லி." அவள், "நான் போன வருஷமே சொன்னேன்" என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "ஆமாடா, எப்படிக் கண்டுபிடிச்சே?" என்று கேட்டாள்.

இரண்டு பேருக்கும் சேர்த்துப் பெருமைப்பட்டேன். அவனுக்குத் தண்ணீருக்காக, அவளுக்கு அந்தக் கேள்விக்காக.

ஆகஸ்ட் 19

பெற்றோர் கூட்டத்துக்குப் போய் வந்தேன். மதிப்பெண் பட்டியல் கையில் இருந்தது, அதைப் பற்றி ஆசிரியை பேசியதைக் கேட்டுக்கொண்டேன். அப்புறம் நான் கேட்டது: "தெரியாத ஒன்று வரும்போது என்ன செய்கிறான்?" அவர் யோசித்துவிட்டு, "முதலில் கொஞ்சம் பென்சிலைக் கடிக்கிறான். அப்புறம் கை தூக்குகிறான்" என்றார். கை தூக்குகிறான்! தெரியவில்லை என்று நாற்பது பேர் நடுவில் சொல்கிறான். வீட்டுக்கு வந்து அவனிடமே சொன்னேன். "பென்சில் கடிக்கிறதையும் சொன்னாங்களா?" என்று கேட்டான்.

கடைசியாகக் கேட்டிருந்தவருக்கு: ஆமாம், பெரியவளுக்கு இன்னும் இரவில் வாசித்துக் காட்டுகிறேன். தானே படிக்கத் தெரிந்ததும் நிறுத்திவிட வேண்டியதில்லை. பிள்ளைகள் தாங்களே படித்துப் புரிந்துகொள்வதைவிடக் கேட்டுப் புரிந்துகொள்வது ஏறக்குறைய எட்டாம் வகுப்பு வரை முன்னால்தான் நிற்கும். அதனால் அவளால் இப்போது தானாகப் படிக்க முடியாத கனமான கதையைக்கூடக் கேட்டு ரசிக்க முடிகிறது. பக்கத்தில் சின்னவன் படுத்திருப்பான், பாதி புரியும். இப்போது நடுவில் நிறுத்தி "இந்த வரியை நான் படிக்கிறேன்" என்று கேட்க ஆரம்பித்திருக்கிறான். கொடுக்கிறோம். நேரம் ஆகும், அவள் பொறுமையாகக் காத்திருப்பாள்.